பிக்கிள்பாலில் ஆட்டப் பாணி: தேர்ந்தெடுப்பதா, கண்டறிவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துளைகள் கொண்ட ஞெகிழிப் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கும் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இப்போது இடம் கிடைத்துவருவது மகிழ்ச்சிக்குரியது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூப்பந்தும் இறகுப்பந்தும் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். மாலை நேரங்களில் கோவையில் பிக்கிள்பால் ஆடுவதும், புதிதாக வருபவர்களுக்கு அடிப்படைகளைச் சொல்லித்தருவதும் இப்போதைய வழக்கம். அந்த உரிமையில், அண்மையில் தாங்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றைக் குறித்து என் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். ஆட்டக்காரர்களை அதிரடியாக ஆடுபவர், தற்காத்து ஆடுபவர், இரண்டையும் கலந்து ஆடுபவர் என்று மூவகையாகப் பிரித்த அக்கட்டுரை, அவரவர் குணத்துக்கு ஏற்ற பாணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுமாறு வாசகர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. பிரித்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். தேர்ந்தெடுக்கச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வருகிற பந்துக்கு இரண்டு விதமான விடைகளைக் கைவசம் வைத்திருப்பவர் அவற்றுள் எதை நாடுகிறார் என்பதே அவருடைய பாணி. ஒரே விடை மட்டும் தெரிந்தவர் எல்லாப் பந்துக்கும் அதையே ஆடுவது பாணியாகாது. அவர் இன்னும் கற்க வேண்டியது என்ன என்பதைக் காட்டும் குறை அது. எங்கள் ஆடுகளத்துக்கு வரும் இளைஞர்களில் பலர், மட்டையைக் கையில் எடுத்த சில வாரங்களுக்குள்ளேயே, "நான் அட்டாக்கிங் பிளேயர் சார்" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். பந்தை மெதுவாக வலைக்கு அந்தப்பக்கம் இறக்கிக் காட்டுங்கள் என்று கேட்டால், ஒன்று வலையில் மாட்டும், இல்லையென்றால் எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பிப் போகும். இவர்களிடம் குணத்தைப் பார்த்துப் பாணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தம் குறைக்கே பாணி என்று பெயர் சூட்டிக்கொண்டு அதிலேயே ஊறிப்போவார்கள். குணமும் அப்படியொன்றும் நம்பத்தக்க வழிகாட்டி அன்று. அலுவலகத்தில் அதிர்ந்து ஒரு சொல் பேசாத மனிதர்கள் ஆடுகளத்தில் முதல் பந்திலிருந்தே பாய்வதையும், வாய்ச்சவடால் பேர்வழிகள் வலையருகே வந்ததும் பதுங்குவதையும் விளையாட்டோடு பழகிய எவரும் பார்த்திருப்பார்கள்.

ஆட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சில விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகியோர் ஒரு பழைய இறகுப்பந்துக் களத்தில் உருவாக்கிய ஆட்டம் இது. அதனால்தான் களத்தின் அளவு இன்றும் இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவாகவே, 44 அடி நீளமும் 20 அடி அகலமுமாக இருக்கிறது. வலை ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் உயரம் கொண்டது. வலைக்கு இருபுறமும் 7 அடி வரையுள்ள பகுதியை ஆட்டக்காரர்கள் கிச்சன் என்பார்கள். அதற்குள்ளோ அதன் கோட்டின் மீதோ நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. சர்வீஸைக் கீழ்க்கையாகக் குறுக்குப் பக்கத்துக்குப் போட வேண்டும். சர்வீஸும் தரையில் ஒருமுறை பட்ட பிறகே ஆடப்பட வேண்டும், அதற்கு வரும் ரிட்டர்னும் அப்படியே. வழக்கமான முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. 11 புள்ளிகளை, குறைந்தது 2 புள்ளி வித்தியாசத்தில், முதலில் எட்டுபவர்களுக்கு வெற்றி.

இந்த விதிகளின் விளைவு ஒன்று உண்டு. ரிட்டர்ன் ஆடுபவர் ஆடியவுடனே கிச்சன் கோட்டுக்கு ஓடிவந்துவிடலாம். சர்வீஸ் போட்ட அணியோ ரிட்டர்ன் தரையில் படும்வரை கடைக்கோட்டருகே காத்திருந்தே தீர வேண்டும். ஆகவே ஆட்டத்தின் மூன்றாவது அடியை ஆடும்போது எதிரணியினர் இருவரும் வலையருகே மட்டையை மார்புக்கு நேராகப் பிடித்துத் தயாராக நிற்கிறார்கள். நாம் வலையிலிருந்து 22 அடிக்கும் அப்பால் நிற்கிறோம். டென்னிஸில் சர்வீஸ் போடுபவருக்கு இருக்கும் ஆதிக்கம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. இந்த இக்கட்டிலிருந்து ஒருவர் எப்படி வெளியே வருகிறார் என்பதில்தான் அவருடைய பாணியின் முதல் சுவடு இருக்கிறது.

வெளியே வர மூன்று வழிகள் உண்டு. பந்தை வேகமாக, தாழ்வாக, எதிராளிகளின் உடலை நோக்கியோ இருவருக்கும் நடுவிலோ செலுத்துவது டிரைவ். பந்தை மென்மையாக வளைத்து எதிரணியின் கிச்சனுக்குள் இறக்கிவிட்டு, அந்த அவகாசத்தில் முன்னேறுவது டிராப். அவர்களுடைய தலைக்கு மேலே உயர்த்திப் பின்னால் விழச்செய்வது லாப். இவற்றில் எதை அதிகம் ஆடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் பாணி தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தெரியாது. குட்டையாக விழுந்து இடுப்பளவு எழும்பும் ரிட்டர்னை எவரும் டிரைவ் ஆடுவார்கள். கடைக்கோட்டில் காலடியில் ஆழமாக விழும் ரிட்டர்னை விவரம் தெரிந்தவர் எவரும் உயர்த்தி, மெதுவாகத்தான் அனுப்புவார். இவை இரண்டும் பந்து நம்மிடம் கேட்டு வாங்கும் விடைகள். அவற்றில் நம்முடைய விருப்பத்துக்கு அதிக இடமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட பந்து ஒன்று வரும்: களத்தின் நடுப்பகுதியைக் கடந்து விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே எழும்பி, கால்களைச் சரியாக ஊன்றிக்கொள்ள நேரமும் கொடுக்கும் பந்து. டிரைவும் ஆடலாம், டிராப்பும் ஆடலாம். அந்தப் பந்தை என்ன செய்கிறோம் என்பதை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

அடித்த பிறகு கால்கள் என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மையான அதிரடிக்காரர் டிரைவ் ஆடும்போதே அடுத்த பந்தை யோசித்துவிடுகிறார். அவருடைய டிரைவை எதிராளி தடுமாறித் தடுக்க, மெதுவாகத் திரும்பிவரும் ஐந்தாவது பந்தை அவர் டிராப்பாக இறக்கியோ முன்னேறி முடித்தோ கிச்சன் கோட்டை அடைந்துவிடுவார். அவருக்கு டிரைவ் ஒரு படிக்கட்டு. டிராப் தெரியாமல் டிரைவ் ஆடுபவர் அடித்த இடத்திலேயே நின்று, திரும்பிவரும் பந்தை இன்னும் பலமாக அடிப்பார். அதுவும் திரும்பிவந்தால் அதைவிடப் பலமாக. தொடக்க நிலைப் போட்டிகளில் இந்த ஆட்டம் வெற்றியும் தந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். தடுப்பு ஆடத் தெரிந்த ஒரு ஜோடியைச் சந்திக்கும் நாள்வரை, தமக்குக் குறை ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரிவதில்லை. இவர்களுக்கு நான் சொல்வது, நட்பு ஆட்டங்களில் சிறிது காலம் டிரைவையே தொடாமல் மூன்றாவது பந்தை டிராப்பாக மட்டும் ஆடுங்கள் என்பதுதான். தோற்பார்கள், எரிச்சலடைவார்கள். டிராப் கைக்கு வந்த பின்னும் அந்த இடைப்பட்ட பந்தில் கை தானாக டிரைவுக்கே போகிறது என்றால், அவர் அதிரடிக்காரர்தான், ஐயமில்லை. இப்படித் தடைபோட்டதில் தம்மை வேறு ஆளாகக் கண்டுகொண்டவர்களும் உண்டு.

இரண்டாவது சுவடு கிச்சன் கோட்டில் இருக்கிறது. நால்வரும் கோட்டருகே வந்துவிட்ட பிறகு டிங்க் எனப்படும் மெல்லடிகள் தொடங்குகின்றன. பந்து வலையை உரசினாற்போல் கடந்து எதிராளியின் கிச்சனுக்குள் விழ, அவர் அதையே திருப்பித்தருகிறார். பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சல் ஆட்டமாகத் தெரியலாம். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் இடையே இருப்பது 14 அடிதான், யாராவது ஒருவர் வேகத்தைக் கூட்டினால் அடுத்தவருக்கு யோசிக்க நேரமே இருக்காது என்பதை நால்வரும் அறிவார்கள். இந்த நேரத்தில் பந்தை விட்டுவிட்டு மட்டைகளை மட்டும் பாருங்கள். ஒருவருடைய மட்டையின் நுனி ஒவ்வொரு டிங்குக்கும் சற்றே பின்னால் இழுபடும். பந்து இன்னும் வலையின் உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் கை துடிக்கிறது, நான்காவதோ ஐந்தாவதோ பந்தில் பொறுக்கமாட்டாமல் வெடிக்கும். இன்னொருவருடைய மட்டை அசையாமல் முன்னாலேயே இருக்கும். எதிராளியின் டிங்க் ஓரங்குலம் உயர்ந்துவிட்டால் அதுவரை சும்மா இருந்த மணிக்கட்டு சொடுக்கும், பந்து முடிந்துவிடும். வேகமாக முடிப்பவர்கள் என்று இருவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு. முன்னவருக்கு இருப்பது அவசரம், பின்னவருடையதுதான் அதிரடிப் பாணி.

இங்கேதான் கட்டுரையின் பிரிவினையில் நான் கண்ட குறையும் வருகிறது. அது கண்டுகொள்ளாமல் விட்ட வகையினர் எதிர்த்தாக்குதல் ஆடுபவர்கள். இவர்கள் தாமாக வேகத்தைத் தொடங்குவதில்லை. எதிராளி தொடங்கட்டும் என்று காத்திருந்து, வருகிற வேகத்தையே மூலதனமாக்கித் திருப்பிவிடுகிறார்கள். முழங்கை உடலைவிட்டுச் சற்று முன்னால் இருக்கும். மட்டை பேக்ஹேண்ட் நிலையில் இருக்கும். பின்னோக்கி வீச்சு எடுப்பதே கிடையாது. இவர்கள் தம்மைத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் தாக்குதலைத் தொடங்குவது எப்போதும் மற்றவராகவே இருக்கிறார். ஆனால் தற்காப்பு ஆடுபவர் வேகமான பந்தின் வேகத்தைக் கொன்று கிச்சனுக்குள் போட்டு ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைப்பார். எதிர்த்தாக்குதல் ஆடுபவர் அதே பந்தில் ஆட்டத்தை முடித்துவிடுவார். ஒரே பந்து, ஒரே இடம், நேரெதிரான இரண்டு மனநிலைகள். தற்காப்பு ஆட்டக்காரர் என்று தன்னைத் தவறாக முடிவுசெய்துகொண்ட ஒருவர், தன்னுடைய மிகச்சிறந்த ஆயுதத்தை உறையிலேயே வைத்துக்கொண்டு, லாப்களையும் டிங்குகளையும் பயிற்சி செய்து காலத்தைக் கழிப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

கிச்சன் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடைப்பட்ட நடுப்பகுதி மூன்றாவது இடம். முன்னேறி வரும் வழியில் காலடியை நோக்கிப் பந்து பாய்ந்து வரும்போது, பிடியைத் தளர்த்தி, கோழிக்குஞ்சைக் கையில் ஏந்துவதுபோல் மட்டையைப் பிடித்து, பந்தை அந்தப்பக்கம் மெதுவாக இறக்கிவிடுவதை ரீசெட் என்பார்கள். இது எல்லோரும் கற்க வேண்டிய அடி, பாணிக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் ரீசெட் ஆடத் தெரிந்தவர்களுக்குள் சிலர் நடுப்பகுதியில் நின்று நிதானமாக இரண்டு மூன்று பந்துகளை இறக்கிக்கொண்டே முன்னேறுவதையும், சிலர் அங்கே நிற்கவே பிடிக்காமல் ஓடிக் கடப்பதையும் காணலாம். முன்னவர்களுக்குத் தற்காப்பு ஆட்டம் இயல்பாகவே கைகூடும்.

அடுத்து, முன்பு ஆடிய ஆட்டத்தை வைத்துப் பாணியைச் சொல்லிவிடும் வழக்கம். டென்னிஸ் ஆடியவர் பலமாக அடிப்பார், மேசைப்பந்து ஆடியவர் சுழற்றுவார், இறகுப்பந்து ஆடியவர் ஸ்மாஷ் அடிப்பார் என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்டம் கைக்குப் பழக்கத்தைத் தருகிறது என்பது உண்மைதான். விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய போட்டிகளின் இரட்டையர் பட்டங்களை வென்ற ஜாக் சாக், 2023-இல் டென்னிஸிலிருந்து பிக்கிள்பாலுக்கு வந்தபோது அவருடைய புகழ்பெற்ற ஃபோர்ஹேண்டும் கூடவே வந்தது. ஆனால் பழக்கம் வேறு, பாணி வேறு. நம் பூப்பந்து ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மண்ணில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்தில், கம்பளிப் பந்து தரையைத் தொடவே கூடாது; ஐவர் அணியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு; சர்வீஸ் கீழ்க்கையாகத்தான். அங்கிருந்து பிக்கிள்பாலுக்கு வருபவருக்குச் சர்வீஸ் முதல் நாளே அமைந்துவிடும். ஆனால் ரிட்டர்ன் தரையில் படட்டும் என்று காத்திருக்க அவருடைய உடம்புக்குத் தெரியாது; பந்து காற்றில் வருவதைக் கண்டதும் கால் முன்னே போய்விடும், கை தட்டிவிடும், தவறாகிவிடும். இதைப் பார்ப்பவர்கள் "அண்ணனுக்கு அடிக்கிற ஆசை அதிகம்" என்பார்கள். ஆசை எல்லாம் இல்லை. அது பல ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் தெளிந்த பிறகு, நானறிந்த முன்னாள் பூப்பந்துக்காரர்களில் சிலர் வலையருகே அசாத்தியப் பொறுமை கொண்டவர்களாக மாறியிருக்கிறார்கள். ஐவரில் ஒருவராக ஆடியவருக்குத் தனக்குரிய பந்து எது, பக்கத்தில் நிற்பவருக்குரிய பந்து எது என்று தெரியும் அல்லவா?

இரட்டையர் ஆட்டமே பெரும்பாலும் ஆடப்படும் இந்த விளையாட்டில், பாணியைக் கண்டறிய நினைப்பவர் தன்னை மட்டும் பார்த்தால் போதாது. உலகின் தலைசிறந்த ஆடவர் என்று பல ஆண்டுகளாகக் கருதப்பட்ட பென் ஜான்ஸ், தம் அண்ணன் காலின் ஜான்ஸுடன் நெடுங்காலம் இணைந்து ஆடினார். இடப்பக்கம் நின்ற பென், நடுவில் வரும் பந்துகளில் பெரும்பகுதியைத் தாமே எடுத்து ஆட்டத்தை நடத்துவார். வலப்பக்கம் நின்ற காலின், எதிராளிகள் என்ன அடித்தாலும் அதை மெல்லடியாக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார். காலினின் ஆட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தால் அதில் பளிச்சென்று ஒன்றும் தெரியாது. பென்னின் துணிச்சலுக்கு இடம் கொடுத்ததே அந்த நிதானம்தான். இன்னொரு கோடியில் அன்னா லீ வாட்டர்ஸ் இருக்கிறார். 2019-இல், 12 வயதில், தம் தாயார் லீ வாட்டர்ஸுடன் ஜோடி சேர்ந்து தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிய அவர், பெண்கள் ஆட்டம் என்றால் பொறுமையான டிங்க் ஆட்டம் என்று இருந்த எண்ணத்தையே தம் தாக்குதல் ஆட்டத்தால் மாற்றிக்காட்டியவர். அவருடைய காணொளிகளைப் பார்த்துவிட்டு அந்த வேகத்தைப் பின்பற்ற முயலும் பிள்ளைகள், எந்தப் பந்தைத் தாக்காமல் விடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நம்மூர்க் கலப்பு இரட்டையரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணவனும் மனைவியும் ஆடும் ஜோடிகளிலும் அலுவலக அணிகளிலும், பந்து வலையைத் தாண்டுமுன்பே "விடு, விடு, நான் எடுக்கிறேன்" என்ற குரல் வந்துவிடுகிறது. களத்தில் முக்கால் பங்கை ஆடவர் ஓடி ஓடி ஆடுகிறார். பெண் தன் ஓரக்கோட்டருகே ஒதுங்கி, தப்பித்தவறி வரும் பந்தைப் பதற்றத்தோடு தட்டிவிடுகிறார். ஆட்டம் முடிந்ததும், "இவள் டிஃபென்சிவ் பிளேயர், சார்" என்று தீர்ப்பும் அவரே சொல்கிறார். அந்தப் பெண்மணிக்கு என்ன பாணி என்பது அவருக்கும் தெரியாது, ஆடுகிற பெண்மணிக்கும் தெரியாது. தேர்ந்தெடுக்க இரண்டு பந்துகள் வந்தால்தானே தெரியும்? இத்தகைய ஜோடிகளைப் பிரித்துப் பெண்களை அவர்களுக்குள்ளேயே ஆடவைத்தால், ஒதுங்கி நின்றவர்களில் நடுப் பந்தை அதிகாரத்தோடு எடுக்கக்கூடியவர்கள் பலர் இருப்பது தெரியவரும்.

வயது, உடல்நிலை பற்றியும் கட்டுரையின் கருத்து எனக்கு உடன்பாடில்லை. அறுபதைக் கடந்தவர்கள் தற்காப்புப் பாணிக்கே உரியவர்கள் என்பதுபோல் அது எழுதப்பட்டிருந்தது. முழங்கால் ஓட மறுக்கும் ஒருவருக்கு நீண்ட தற்காப்பு ஆட்டம்தான் பெரிய தண்டனை. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் குனிந்து குனிந்து இருபது பந்துகள் ஆட வேண்டியிருக்கும். கை விரைவு கால் விரைவைப்போல் அவ்வளவு சீக்கிரம் குறைந்துவிடுவதில்லை என்பதால், நல்ல பந்துக்குக் காத்திருந்து சட்டென முடிக்கும் பாணி வயதானவர்களில் பலருக்குப் பொருந்துகிறது. எந்தப் பாணியானாலும், தலைக்கு மேல் போகும் லாபைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கக் கூடாது. உடலைத் திருப்பிக்கொண்டுதான் ஓட வேண்டும். பின்னோக்கி நடந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

எங்கே, எந்தப் பருவத்தில் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். வெளிக்களப் பந்தில் 40 துளைகளும் உள்ளரங்கப் பந்தில் 26 துளைகளும் இருப்பது வழக்கம். எடையோ 25 கிராமை ஒட்டித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தப் பந்து என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் திறந்தவெளிக் களத்தில் ஆடும் எல்லோரும் லாபைக் கைவிட்டுத் தாழ்வான டிரைவுக்கு மாறிவிடுவார்கள். அதைப் பார்த்து இந்த ஊரே அதிரடி ஊர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெயிலிலும் ஞெகிழிப் பந்து இளகி, எழும்புவதும் பாய்வதும் மாறிவிடும். ஆகவே உள்ளரங்கில் ஒரு நாள், காற்றில்லாத மாலையில் வெளியே ஒரு நாள் என்று பார்த்து, இரண்டிலும் மாறாமல் நிற்பது எதுவோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டை விஷயத்தில் நடப்பதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாணி தெரியுமுன்பே மட்டை வாங்கிவிடுகிறார்கள். அதுவும் பல ஆயிரம் ரூபாய்க்கு. நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தையும், நீளம் மட்டும் 17 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே நீளமான மட்டை வேண்டுமென்றால் அகலத்தை இழக்க வேண்டும். நீண்ட மட்டைக்கு எட்டும் தூரமும் வீச்சின் பலமும் அதிகம். அகன்ற மட்டையில் பந்து சரியாகப் படும் பரப்பு பெரியது. உள்ளே இருக்கும் தேன்கூட்டு அடுக்கு 16 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் பந்தின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும். 13, 14 மில்லிமீட்டர் என்றால் பந்து சட்டெனத் தெறிக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க ஸ்டைல் என்ன சார்?" என்று கேட்பார். பதில் தெரியாதவர் தமக்குப் பிடித்த வீரரின் பெயரைச் சொல்வார். வேகத்தைக் கூட்டும் மட்டையை வாங்கியவருக்கு டிராப் கற்பது இன்னும் கடினமாகிவிடுகிறது. கற்காததால் டிரைவே ஆடுகிறார். கடைசியில் மட்டை அவருக்கு ஒரு பொய்ப் பாணியை எழுதிக்கொடுத்துவிடுகிறது. புதியவர்கள் 16 மில்லிமீட்டர் தடிமனில் விலை குறைந்த மட்டை ஒன்றோடு தொடங்குவதே போதுமானது.

அப்படியானால் கண்டறிவது எப்படி? ஆடிக்கொண்டிருப்பவரால் தன்னைக் கவனிக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் நினைவில் தங்குவது ஒன்றிரண்டு அட்டகாசமான அடிகள்தான். வலையில் மாட்டிய பந்துகளை மனம் வசதியாக மறந்துவிடும். கம்பிவேலியில் கைப்பேசியைச் செருகிவைத்துப் படமெடுக்கலாம். அதைவிட எளிது, வெளியே காத்திருக்கும் நண்பரிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியும் யாருடைய எந்த அடியில் முடிந்தது, அந்தப் பந்து வலை உயரத்துக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று மட்டும் எழுதச் சொல்வது. இதில் கிடைக்கும் விவரத்தில் மிகவும் மதிப்புள்ளது கடைசிப் பகுதி. 3-2 என்றிருக்கும்போது எல்லோருக்கும் எல்லா அடியும் வரும். 9-9 ஆகி, கை வியர்த்து, எதிரணி சர்வீஸ் போடும்போது ஒருவர் எந்த அடியை நம்பிப் போகிறார் என்பதில் அவருடைய உண்மையான விருப்பம் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் டிங்கை நம்புபவரைப் பயிற்சியாளர் எவ்வளவு அதட்டினாலும் அதிரடிக்காரராக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம்.

இன்று பலரும் டூப்பர் என்னும் தரவரிசை எண்ணைக் காட்டுகிறார்கள். 2-இல் தொடங்கி 8 வரை செல்லும் அந்த எண், ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதைச் சொல்லுமே தவிர, எப்படி ஆடுகிறார் என்பதைச் சொல்லாது. 3.5 என்ற எண்ணுள்ள இருவரை ஜோடி சேர்த்துவிட்டு, இருவருமே நடுப் பந்தைப் பக்கத்தவருக்கு விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை உள்ளூர்ப் போட்டிகளில் நாம் காணத்தான் செய்கிறோம். போட்டி நடத்துபவர்கள் ஜோடிகளைக் குலுக்கிப் போடும்போது, பதிவுப் படிவத்தில் எண்ணோடு, எந்தப் பக்கம் நின்று ஆட விருப்பம், வலக்கையா இடக்கையா, நடுப் பந்தை எடுப்பவரா விடுபவரா என்ற விவரங்களையும் கேட்டு வாங்கினால் இந்தச் சங்கடத்தில் பாதி குறையும்.

பயிற்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரே களத்தில் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி, தமக்குப் பிடித்த ஒரே ஆட்டத்தை எல்லோருக்கும் கற்பிக்கும் முறை நம் ஊர்களில் பரவிவருகிறது. தொடக்கத்தில் டிரைவ், டிராப், டிங்க், ரீசெட், தடுப்பு ஆகிய எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லித்தருவதுதான் முறை. பாணியைப் பற்றிய பேச்சையே மாணவர் அவற்றை ஓரளவு தேறிய பிறகு எடுப்பது நல்லது. தங்கள் விளையாட்டுப் பகுதியில் இது குறித்துத் தொடர் ஏதேனும் வெளியிடும் எண்ணம் இருந்தால், முதல் பகுதியில் மூன்றாவது அடியைப் பற்றியும், எதிர்த்தாக்குதல் ஆட்டம் பற்றியும் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களைக் கொண்டு, படங்களுடன் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட அளவில் ஆடும் பெண்கள் ஓரிருவருக்கும் அதில் இடம் தந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.